தனியார் பார்க்கிங் டிக்கெட் தவறாக வந்தால்: கட்டுவதா, கடையில் கேட்பதா, மேல்முறையீடா, கோர்ட்டா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சூப்பர் மார்க்கெட், ரீட்டெய்ல் பார்க், மருத்துவமனை, ஃபிளாட் வளாகம் என எங்கே காரை நிறுத்தினாலும் பெரும்பாலும் ஏதோ ஒரு தனியார் நிறுவனத்தின் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். சில நாள் கழித்து 100 பவுண்ட் வரை கேட்டு ஒரு கடிதம் வரும். 14 நாளுக்குள் கட்டினால் 60 பவுண்ட் போதும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தவறு தன்னுடையது இல்லை என்று தெரிந்தும், தொல்லை விட்டால் போதும் என்று பலர் கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர், 'அது சட்டப்படி செல்லாது, கிழித்துப் போடு' என்று யாரோ சொன்னதை நம்பிக் குப்பையில் போடுகிறார்கள்.

கிழித்துப் போடச் சொல்லும் ஆலோசனை காலாவதியாகிவிட்டது. 2012 அக்டோபர் 1 முதல் தனியார் நிலத்தில் காரின் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவது தடை செய்யப்பட்டது. அதே நாளில், ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டாலும் காரின் கீப்பரிடம், அதாவது காரின் பதிவுச் சான்றான லாக்புக்கில் பெயர் உள்ளவரிடம், பணம் கேட்கும் உரிமை இந்த நிறுவனங்களுக்குக் கிடைத்தது. 2015-ல் பார்க்கிங் ஐ (ParkingEye) என்ற நிறுவனத்துக்கும் பீவிஸ் என்ற கார் ஓட்டுநருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 85 பவுண்ட் கட்டணம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே சரியாகக் கொடுக்கப்பட்ட டிக்கெட்டுக்குப் பின்னால் ஒப்பந்தச் சட்டத்தின் பலம் உண்டு. தவறாகக் கொடுக்கப்பட்டதற்கு அந்தப் பலம் இல்லை; ஆனால் அது தவறு என்பதை உரிய இடத்தில், உரிய நாளுக்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

உங்களுக்கு முன்னால் இருப்பவை ஐந்து வழிகள். எது மலிவு என்று பார்ப்பதைவிட, எந்த வழி மற்ற வழிகளை அடைத்துவிடுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது. பணம் கட்டினால் எல்லாக் கதவும் மூடிவிடும். சும்மா இருந்தால் சில கதவுகள் தாமாக மூடும். கடை மேலாளரிடம் கேட்பதால் எந்தக் கதவும் மூடாது.

முதலில் கடிதத்தைப் படியுங்கள்

மேலே கவுன்சில் பெயரோ போலீஸ் பெயரோ இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல. அவற்றின் விதிகள் வேறு, தீர்ப்பாயங்களும் வேறு. நிறுவனத்தின் பெயர் இருந்தால் மேலே படிக்கலாம்.

கடிதத்தில் இரண்டு தேதிகளுக்கு அடியில் கோடு போடுங்கள்: காரை நிறுத்தியதாகச் சொல்லும் நாள், கடிதம் அனுப்பப்பட்ட நாள். கண்ணாடியில் டிக்கெட் ஒட்டாமல் கேமராவை மட்டும் நம்பி அனுப்பிய கடிதம் என்றால், நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் அது உங்கள் கையில் கிடைத்திருக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம், நான்காம் அட்டவணை, 9-ஆம் பத்தி சொல்வது இது. தபாலில் போட்ட கடிதம் இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகக் கொள்ளப்படும்; சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை கணக்கில் வராது.

இந்தக் கணக்கில்தான் நிறுவனங்கள் அடிக்கடி தவறுகின்றன. 2025 மார்ச் 1 சனிக்கிழமை கார் நின்றது என்று வைத்துக்கொள்வோம். கடைசி நாள் மார்ச் 15. கடிதத்தில் 'மார்ச் 13' என்று இருந்தால் 14 நாளுக்குள் வந்ததுபோலத்தான் தோன்றும். ஆனால் 13-ஆம் தேதி வியாழன். அடுத்த இரண்டாவது வேலை நாள் 17-ஆம் தேதி திங்கள். கெடு தாண்டிவிட்டது. புதன் 12-ஆம் தேதிக்குள் தபாலில் போட்டிருந்தால்தான் செல்லும்.

கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருந்தால் கணக்கு வேறு. கீப்பருக்கான கடிதம் 28 நாள் முடிந்த பிறகு, 56-ஆம் நாளுக்குள் வந்து சேர வேண்டும்.

கெடு தாண்டினால் டிக்கெட் செத்துவிடாது. கீப்பரிடம் கேட்கும் உரிமை போய்விடும். ஓட்டியவரிடம் மட்டும் கேட்கலாம். ஆகவே ஓட்டியவர் யாரென்று நிறுவனத்துக்குத் தெரியாதவரை அதன் கை கட்டப்பட்டிருக்கும். கோபத்தில் எழுதும் முதல் மின்னஞ்சலில் 'நான் பால் வாங்கப் போனேன், பத்து நிமிடம்தான் நின்றேன்' என்று எழுதினால் அந்தக் கட்டை நீங்களே அவிழ்த்துவிடுகிறீர்கள். லாக்புக்கில் அப்பா பெயர், ஓட்டுவது பிள்ளைகளோ மருமகளோ என்று ஒரே காரைப் பலர் ஓட்டும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். 'கீப்பர் என்ற முறையில் எழுதுகிறேன்' என்று தொடங்கி, 'ஓட்டுநர் உள்ளே வந்தார், ஓட்டுநர் பலகையைப் பார்க்கவில்லை' என்று படர்க்கையிலேயே எழுதுங்கள். தனியார் நிறுவனத்துக்கு ஓட்டியவர் பெயரைச் சொல்லும் சட்டக் கடமை உங்களுக்கு இல்லை. பொய் மட்டும் சொல்லக் கூடாது. சொல்லாமல் இருப்பது உரிமை. ஓட்டாதவர் ஓட்டியதாக எழுதுவது பின்னால் கோர்ட்டில் 'நான் சொன்னதெல்லாம் உண்மை' என்று கையெழுத்துப் போடும்போது கழுத்தைப் பிடிக்கும்.

விமான நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் தனி உபவிதிகள் இருந்தால், நான்காம் அட்டவணை அங்கே பொருந்தாது. கீப்பர் பொறுப்பும் இல்லை. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை.

60 பவுண்ட் கட்டிவிடுவது

தவறு உங்கள் பக்கம் என்றால், கடையும் ரத்து செய்ய மறுத்துவிட்டால், இது நியாயமான முடிவுதான். வேறு சூழலில் இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கட்டினால் டிக்கெட்டை ஏற்றுக்கொண்டதாகவே நிறுவனம் எடுத்துக்கொள்ளும்; அதன் பிறகு மேல்முறையீடு கிடையாது. பணத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் நீங்கள் வாதியாக வழக்குப் போட வேண்டும். வழக்குப் பதிவுக்கு 35 பவுண்ட், விசாரணைக்கு 27 பவுண்ட். தவறாகக் கட்டினேன் என்று நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில். 60 பவுண்டைத் திரும்ப வாங்க இவ்வளவு செய்வது அரிது.

வாடகைக் கார் என்றால் ஒரு எச்சரிக்கை. சில வாடகை நிறுவனங்கள் கேட்காமலே டிக்கெட்டைக் கட்டிவிட்டு, அதோடு நிர்வாகக் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுத்துவிடும். கடிதம் வந்தால் பணம் கட்டாமல் என் பெயருக்கு மாற்றிவிடுங்கள் என்று காரை எடுக்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

கடை மேலாளர், நில உரிமையாளர்

எல்லாவற்றிலும் மலிவான, வேகமான வழி இது. ஆனாலும் குறைவாகவே பயன்படுகிறது. கார் பார்க் நிறுவனத்துக்கு வேலை கொடுத்தவர் கடைக்காரரோ நில உரிமையாளரோதான். அவர் ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலும் டிக்கெட் ரத்தாகும். மருத்துவமனை என்றால் நோயாளி ஆலோசனைப் பிரிவு, ஃபிளாட் என்றால் நிர்வாக ஏஜென்ட், ரீட்டெய்ல் பார்க் என்றால் நீங்கள் பொருள் வாங்கிய கடையின் மேலாளர்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: டிக்கெட் எண், கார் எண், அன்றைய ரசீது. ரசீது தொலைந்திருந்தால் வங்கிக் கணக்கின் வரியும் லாயல்டி கார்டின் பதிவும் போதும். 'உங்கள் வாடிக்கையாளர், ரத்து செய்யச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதுங்கள், நகலை எனக்கும் அனுப்புங்கள்' என்று கேளுங்கள். கவுன்டரில் இருப்பவர் 'எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை' என்பார். அங்கேயே நின்றுவிடாமல் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். இதை முதல் இரண்டு மூன்று வாரத்தில் செய்ய வேண்டும். கடன் வசூல் கட்டத்துக்குப் போன பிறகு கடைக்காரர் சொன்னாலும் நிறுவனம் இழுத்தடிக்கும்.

சொந்தக் குடியிருப்பில் டிக்கெட் வந்தால் முதலில் எடுக்க வேண்டியது குத்தகைப் பத்திரம். நிறுத்தும் உரிமை அதில் இருந்தால், பின்னால் வந்த நிறுவனம் பலகை நட்டதால் மட்டும் அது போய்விடாது.

மேல்முறையீடு: முதலில் நிறுவனத்திடம், பிறகு வெளியே

கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நிறுவனத்துக்கும் மேல்முறையீடு அனுப்பிவிடுங்கள். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கக் கூடாது. கடிதத் தேதியிலிருந்து 28 நாள் கெடு. 14 நாளுக்குள் அனுப்பினால், மறுப்பு வந்தாலும் சலுகை விலையில் கட்ட மறுபடி அவகாசம் கிடைக்கும். ஆகவே முதல் வாரத்திலேயே அனுப்புவதில் இழப்பு எதுவும் இல்லை.

என்ன எழுதுவது? இரக்கத்தைக் கோரும் கதைகள் எடுபடுவதில்லை. விதியைச் சுட்டும் வரிகள் எடுபடும். 2024 அக்டோபர் 1 முதல் கார் பார்க் நிறுவனங்களின் இரண்டு சங்கங்களுக்கும் பொதுவான ஒரே நடத்தை விதித்தொகுப்பு உள்ளது. அதன்படி உள்ளே வந்து பலகையைப் படித்து முடிவெடுக்கக் குறைந்தது 5 நிமிடம், அனுமதித்த நேரம் முடிந்த பிறகு வெளியேற 10 நிமிடம் தர வேண்டும். மெஷினில் கார் எண்ணை அடிக்கும்போது ஒரு எழுத்துத் தவறிய டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும். பணம் கட்ட 5 நிமிடத்துக்கு மேல் ஆனது என்பதற்காக மட்டும் டிக்கெட் கொடுப்பதும் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது, வெளியேறும் முன் பணம் கட்டியிருந்தால்.

கேமரா பதிவது வாசலைக் கடந்த நேரம். அது நிறுத்திய நேரம் அல்ல. இடம் தேடிச் சுற்றியதும், வெளியேறும் வரிசையில் நின்றதும் அதில் சேர்ந்துவிடும். இன்னொரு வழக்கமான பிழை: காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என இரண்டு தடவை வந்த காரை, நடுவே வெளியேறியதும் திரும்பி நுழைந்ததும் பதிவாகாததால் ஏழு மணி நேரம் நின்றதாகக் கணக்கிடுவது. போனில் உள்ள இடப் பதிவு, நடுவில் வேறு இடத்தில் செய்த கார்டுச் செலவு, வேலைக்குப் போய்ச் சேர்ந்த நேரம் ஆகியவை இதை உடைக்கும்.

பலகையைப் படம் எடுக்கும்போது பலகையை மட்டும் எடுக்காதீர்கள். ஓட்டுநர் இருக்கையின் உயரத்திலிருந்து, நுழையும் கோணத்தில் ஒரு படம். காரிலிருந்து இறங்கி நிற்கும் இடத்திலிருந்து ஒன்று. இரவில் நடந்தது என்றால் அதே நேரத்தில் இன்னொன்று. 100 பவுண்ட் என்ற எண் பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறதா, மரக்கிளை மறைக்கிறதா, விளக்கு இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். பீவிஸ் வழக்கில் நிறுவனம் வென்றதற்கு ஒரு காரணம் அங்கே பலகைகள் பெரிதாகவும் நிறையவும் இருந்தது. உங்கள் இடம் அப்படி இல்லை என்று காட்டும் படம், அந்தத் தீர்ப்பையே உங்கள் பக்கம் திருப்பும்.

நிறுவனம் மறுத்தால் அடுத்த இடம் அது எந்தச் சங்கத்தில் உள்ளது என்பதைப் பொறுத்தது. பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் என்றால் பாப்லா (POPLA) என்ற வெளி மேல்முறையீட்டு அமைப்பு; மறுப்புக் கடிதத்தில் ஒரு குறியீட்டு எண் வரும், 28 நாள் அவகாசம். இன்டர்நேஷனல் பார்க்கிங் கம்யூனிட்டி என்றால் ஐ.ஏ.எஸ். (Independent Appeals Service) என்ற அமைப்பு, 21 நாள். இரண்டும் இலவசம். இரண்டின் முடிவும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. ஐ.ஏ.எஸ்.ஸில் கெடு தவறிய பிறகு 15 பவுண்ட் கட்டிச் செல்லும் வழி மட்டும் விதிவிலக்கு. அதன் முடிவு உங்களையும் கட்டும், ஆகவே அதைத் தவிர்க்கவும்.

இரண்டில் பாப்லா மேல். கீப்பர் பொறுப்பு இல்லை, பலகை போதாது, அவகாச நிமிடங்கள் தரப்படவில்லை, அந்த நிலத்தில் டிக்கெட் கொடுக்க நில உரிமையாளர் தந்த அதிகாரத்தைக் காட்டுங்கள் என்று நான்கு தலைப்பில் எழுதினால், எதிர்த்து ஆவணம் தயாரிக்காமல் சில நிறுவனங்கள் தாமே விலகிவிடும். அவர்கள் ஆவணம் அனுப்பினால், படித்துப் பதில் எழுத உங்களுக்கு 7 நாள் கிடைக்கும். அதைத் தவறவிடாதீர்கள். ஒப்பந்த நகலில் தேதி முடிந்திருப்பதும், பலகைப் படம் வேறு கார் பார்க்கில் எடுத்ததாக இருப்பதும் அங்கேதான் கண்ணில் படும். ஐ.ஏ.எஸ்.ஸில் தோற்றால், அந்த முடிவைப் பின்னால் நீதிபதி முன் காட்டுவார்கள். ஆகவே வலுவான ஆதாரம் இருந்தால் மட்டும் அங்கே போகலாம்.

சும்மா இருப்பது

மேல்முறையீட்டில் தோற்ற பிறகு வரும் வசூல் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் இருப்பதில் தவறில்லை. 70 பவுண்ட் வரை கூட்டி, சிவப்பு எழுத்தில் பயமுறுத்துவார்கள். கோர்ட் தீர்ப்பு இல்லாமல் யாரும் வீட்டுக்கு வந்து பொருளைத் தூக்க முடியாது. கிரெடிட் பதிவிலும் ஏறாது.

ஆனால் தொடக்கத்திலிருந்தே சும்மா இருப்பது வேறு விஷயம். வழக்குப் போட 6 ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதற்குள் வீடு மாறியிருப்பீர்கள். கோர்ட் தாள் பழைய முகவரிக்குப் போகும். பதில் வராததால் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பாகும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் கிரெடிட் பதிவில் அது இருப்பது தெரியவரும். அந்தத் தீர்ப்பை நீக்கக் கேட்கும் விண்ணப்பத்துக்கு மட்டும் 300 பவுண்டுக்கு மேல். வருமானம் குறைந்தவர்கள் கட்டண உதவி கேட்கலாம். லாக்புக்கில் முகவரியை மாற்றினால் மட்டும் போதாது. நிறுவனம் முகவரியை ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ளும், திரும்பக் கேட்பதில்லை. வீடு மாறினால், புதிய முகவரியைப் பதிந்து பழையதை அழிக்கச் சொல்லி நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

வழக்குக்கு முந்தைய கடிதம் வந்தால் எந்தக் காரணத்துக்காகவும் சும்மா இருக்கக் கூடாது. 30 நாளுக்குள் பதில். மறுக்கிறேன் என்று எழுதி, ஆவணங்களைக் கேளுங்கள்.

கோர்ட்

பெயரைக் கேட்டாலே பயம் வரும். ஆனால் இது சிறு வழக்குப் பிரிவு. தோற்றால் என்ன ஆகும் என்று முதலில் பார்த்துவிடுவோம்: டிக்கெட் 100, வழக்குக் கட்டணம் 35, வக்கீல் நிலையான கட்டணம் 50, விசாரணைக் கட்டணம் 27, கூடுதலாகக் கேட்கும் 70-ஐ நீதிபதி ஏற்றால் அதுவும். மொத்தம் 282 பவுண்ட், கொஞ்சம் வட்டி. ஒரு மாதத்துக்குள் கட்டினால் பதிவிலிருந்து பெயர் நீங்கிவிடும். அந்த 70-ஐயும் எதிர்த்து வாதாடலாம்: கீப்பரிடம் கேட்கக் கூடிய உச்சத் தொகை, கீப்பர் கடிதத்தில் எழுதிய தொகைதான் என்று நான்காம் அட்டவணையே சொல்கிறது.

நாள் கணக்கு இங்கே உயிர். வழக்குத் தாளில் உள்ள வெளியீட்டுத் தேதியோடு 5 நாள் கூட்டினால் அது உங்களிடம் சேர்ந்த நாள். அதிலிருந்து 14 நாளுக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை. ஒப்புகை செய்தால் எதிர்வாதத்துக்கு மொத்தம் 28 நாள், அதாவது வெளியீட்டுத் தேதியிலிருந்து 33. ஒப்புகையை ஆன்லைனில் செய்யும்போது எதிர்வாதப் பெட்டியில் ஒரு சொல்லும் எழுதாதீர்கள். எழுதினால் அதுவே உங்கள் எதிர்வாதமாகிவிடும்.

மொத்தமாகப் போடப்படும் வழக்குகளின் மனுவில் எந்த விதியை எப்படி மீறினீர்கள் என்றே இருக்காது. 2023-ல் லூட்டன் கவுன்ட்டி கோர்ட்டில் மேல்முறையீட்டு நீதிபதி அப்படியொரு மனுவைத் தள்ளுபடி செய்தார். அதே ஆண்டு டீஸ்சைட் கோர்ட்டில், கீப்பர்தான் ஓட்டியிருப்பார் என்று ஊகிக்க முடியாது என்று மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்தது. இவை மற்ற நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நகலை இணைத்தால் படிப்பார்கள். 2024 மே முதல், விசாரணைக்கு முன் ஒரு மணி நேரத் தொலைபேசி சமரசம் கட்டாயம். பங்கேற்க வேண்டும், பணம் தர ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. விசாரணைக் கட்டணம் கட்டும் நாள் நெருங்கும்போது பல நிறுவனங்கள் வழக்கைக் கைவிடுகின்றன.

செலவைத் திரும்பக் கேட்பது

வென்றால் வேலைக்குப் போகாத நாளுக்கு 95 பவுண்ட் வரை, பயணச் செலவு, கோர்ட் அருகே நிறுத்திய கட்டணம் ஆகியவற்றைக் கேட்கலாம். முதலாளியின் கடிதம் அல்லது சம்பளத் தாள் வேண்டும். சுயதொழில் என்றால் கணக்கு. சாட்சி அறிக்கையோடு செலவுப் பட்டியலையும் இணைத்துவிடுங்கள். விசாரணை முடிந்ததும் நீதிபதி உடனே எழுந்துவிடுவார். அந்த நிமிடத்தில் 'செலவு கேட்கிறேன், பட்டியல் இத்தனையாம் பக்கத்தில்' என்று நீங்கள் வாய் திறக்க வேண்டும்.

உழைத்த மணி நேரத்துக்கும் கேட்க வேண்டுமானால், எதிர்த்தரப்பு நியாயமற்ற முறையில் நடந்துகொண்டது என்று காட்ட வேண்டும். சிவில் நடைமுறை விதி 27.14(2)(ஜி) இதற்கானது. சாதாரணமாகத் தோற்பது நியாயமற்ற நடத்தை ஆகாது. கடைசி நேரத்தில் வழக்கைக் கைவிட்டாலும் தானாகச் செலவு கிடைக்காது. கைவிட்டவர் செலவைத் தர வேண்டும் என்ற பொது விதி சிறு வழக்குகளுக்குப் பொருந்தாது. அப்போதும் இதே விதியைத்தான் காட்ட வேண்டும். இதற்கான அடித்தளத்தைத் தொடக்கத்திலேயே போட வேண்டும். 'இந்த ரசீதும் இந்த நேரப் பதிவும் இன்று அனுப்பப்படுகின்றன. இதற்குப் பிறகும் தொடர்ந்தால் 27.14(2)(ஜி)-இன் கீழ் செலவு கேட்பேன்' என்ற வரி முதல் மேல்முறையீட்டிலும் வழக்குக்கு முந்தைய பதிலிலும் இருந்தால், அவர்கள் தெரிந்தே தொடர்ந்தார்கள் என்று தேதியோடு காட்டலாம்.

இன்னொரு வழி, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எதிர்வழக்கு. நிறுவனம் உங்கள் பெயரையும் முகவரியையும் வாகனப் பதிவுத் துறையிடம் 2.50 பவுண்ட் கொடுத்து வாங்குகிறது, நியாயமான காரணம் இருக்கிறது என்று சொல்லி. கட்டணம் செலுத்திய கார் என்று அதன் கணினியிலேயே பதிவு இருந்தும் வாங்கியிருந்தால் அந்தக் காரணம் நிற்காது. என்ன பதிவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கும் உரிமை இலவசம். ஒரு மாதத்தில் தர வேண்டும். எதிர்வழக்குக்கு 300 பவுண்ட் வரை 35, 500 வரை 50, 1000 வரை 70 கட்டணம். இதன் பெரிய பலன், அவர்கள் தங்கள் வழக்கைக் கைவிட்டாலும் உங்களுடையது நடக்கும். ஆனால் டிக்கெட் வாதத்துக்குரியது என்றால், அதாவது பலகை சுமார், நேரம் சற்றுக் கூடியது என்ற அளவில் இருந்தால், இதைப் போடாதீர்கள். மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்டால் அதற்கும் ஆதாரம் கேட்பார்கள்; மருத்துவரைப் பார்த்த பதிவோ, அந்த நாட்களில் எழுதிய மின்னஞ்சல்களோ இல்லாமல் வெறும் சொல்லுக்குப் பணம் கிடைக்காது.

செலவு தரச் சொல்லி உத்தரவானால், வேறு நாள் குறிப்பிடாதவரை 14 நாளுக்குள் அவர்கள் கட்ட வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணை உத்தரவு நகலோடு அன்றே அனுப்பிவிடுங்கள். 15-ஆம் நாளும் பணம் வராவிட்டால், அதே கோர்ட் வழியாக வசூல் நடவடிக்கை கேட்கலாம்.